இன்னொரு கால் சுற்று

அவர் மூடிய எதையும் அவர்தான் திறக்க வேண்டும். சிதம்பரத்தில் அவருடைய வீட்டின் கீழ்ப்பகுதிக்கு நான் குடிபோன அன்றே இது தெரிந்துவிட்டது. குளியலறைக் குழாயைத் திருகினேன், அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினேன், துண்டுதான் சுழன்றது. மாடிக்குப் போய்ச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். இரண்டு விரலால் திறந்தார். தண்ணீர் வருவதைப் பார்த்தார். மறுபடி மூடினார்.

“சொட்டக் கூடாது பாருங்க” என்றார்.

அவர் படியேறிப் போன பிறகு நான் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பவும் மாடிக்குப் போனேன்.

பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர். அங்கே மாஸ்டர், தெருவில் மாமா. அவர் மனைவி எல்லோருக்கும் அத்தை. குடியிருந்த எனக்கும் அந்த முறையே அமைந்துவிட்டது. நான் அப்போது ஒரு நாளிதழின் செய்தியாளன். பார்த்ததை எழுதுவது தொழில், மாமாவைப் பார்த்து எழுத முதலில் ஒன்றும் இருக்கவில்லை. நடுத்தர உயரம், கழுத்தில் விசில் கயிறு, விசிறி மாதிரி அகன்ற உள்ளங்கை. குரல்கூடச் சாதாரணம். அவருடைய செய்தி முழுவதும் மணிக்கட்டில் இருந்தது.

பள்ளி மைதானத்தில் அவர் வாலிபால் வலை கட்டினால் இரண்டு கம்பங்களும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நிற்கும். வீட்டு குக்கரின் கைப்பிடி ஆடுகிறது என்று அத்தை ஒரு முறை வாய்தவறிச் சொன்னார். திருப்புளி எடுத்து இறுக்கினார். கைப்பிடி ஆடுவது நின்றது, இரண்டாகப் பிளந்தும் போனது. அதிலிருந்து ஊறுகாய் பாட்டிலுக்கு அத்தை மூடியே போடுவதில்லை. துணி கட்டி, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, மாமாவின் கண்ணில் படாத அலமாரியில் வைத்திருந்தார்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்று யார் கேட்டாலும் ஒரே பதில். “நல்லாத்தான் டைட்டா இருந்துச்சு. சேஃப்டிக்கு இன்னொரு கால் சுத்து வச்சேன்.”

அவரிடம் ஒரு பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி இருந்தது. அதை எந்தப் பட்டறையிலும் விடமாட்டார். ஞாயிறு காலையில் போர்டிகோவில் சாக்கை விரித்து, ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கி, தானே பார்ப்பார். ஆயில் மாற்றுவார், செயின் இழுப்பார், பிரேக் சரிபார்ப்பார். அது முடிந்ததும் அத்தையை ஏற்றிக்கொண்டு கிள்ளைக்குப் போய் நண்டு வாங்கி வருவது அவர்களுடைய வழக்கம் என்று தெருவில் சொன்னார்கள்.

நான் பார்த்தது வேறு. நான் குடிபோன பிறகு வந்த ஞாயிறுகளில் அத்தை ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு தெருமுனையில் கிள்ளை டவுன் பஸ் ஏறுவார். மாமா வண்டியை உதைத்துக் கிளப்பி, பின்சீட்டு காலியாக, அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். பஸ் நின்றால் அவரும் நிற்பார். முந்த இடம் கிடைத்தாலும் முந்தமாட்டார். கிள்ளையில் இருவரும் சேர்ந்து பேரம் பேசி நண்டு வாங்குவார்கள். திரும்பும்போது அத்தையும் நண்டும் பஸ்ஸில், மாமா பின்னால்.

அந்தத் தடத்துக் கண்டக்டருக்கு இது பழகிவிட்டது. படியில் தொங்கிக்கொண்டு உள்ளே பார்த்துச் சொல்வார். “அக்கா, எஸ்கார்ட்டு வந்துடுச்சு. போலாமா?”

“போப்பா. அவரு வருவாரு. வேற எங்க போவப் போறாரு?”

“பாவம்க்கா, சீட்டு காலியா வருது. ஏறிக்கக் கூடாதா?”

“எனக்கு இந்த பஸ்ஸே இலவசம். அதுல ஏறினா ஒரு பட்டுப்புடவை செலவு.”

பட்டுப்புடவையின் கதையை இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். விவரங்கள் ஒத்துப்போயின, அழுத்தம்தான் மாறியது. கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். முதல் நாள்தான் மாமா ஆயில் மாற்றியிருந்தார். எஞ்சினின் அடியில் பழைய ஆயிலை வடிப்பதற்கு ஒரு போல்ட் உண்டு. அதைத் திருப்பிப் போடும்போது வழக்கம்போல இன்னொரு கால் சுற்று. உள்ளே போல்ட்டைப் பிடித்து நிற்கும் மரை அறுந்துவிட்டது. வெளியே தெரியவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் போல்ட் விழுந்து, ஆயில் முழுவதும் கொட்டி, பின்சக்கரத்தில் பட்டு, வண்டி வழுக்கியது.

“வேகமே இல்லைங்க. வண்டி அப்படியே மெதுவா உக்காந்துச்சு” என்றார் மாமா.

“உக்காந்தது வண்டி இல்ல தம்பி. நான். வாய்க்கால்ல” என்றார் அத்தை.

அடி எதுவும் இல்லை. வாடாமல்லி நிறப் பட்டு மட்டும் முழங்காலுக்குக் கீழே கறுப்பாகிவிட்டது. அந்தக் கோலத்தில் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, வந்தவர் போனவர் எல்லோருக்கும் காரணம் சொல்லிவிட்டு, அத்தை பஸ்ஸில் வீடு திரும்பினார். அன்று எழுந்தவர்தான், அந்தச் சீட்டில் திரும்ப உட்காரவில்லை. சண்டை கிடையாது, பேச்சு நிற்கவில்லை, சாப்பாட்டில் குறை இல்லை. பின்சீட்டு மட்டும் காலி. மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாளே, கஞ்சித்தொட்டிப் பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் புது மரை போட வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“மாமா, இது அலுமினியம். வெண்ணெய் மாதிரி. நீங்க பாலத்துக்குப் போல்ட்டு போடற மாதிரி போட்டிருக்கீங்க.”

“லூசா விட்டா விழுந்துடாதாடா?”

“இப்ப மட்டும் என்ன ஆச்சு? விழாம அங்கேயேவா நின்னுச்சு? மாமா, உங்க கைக்கு அளவு தெரியலை. டார்க் ரெஞ்சு ஒண்ணு வாங்குங்க. எவ்வளவு இறுக்கணும்னு நம்பரை வச்சுட்டா, அது வந்ததும் அதுவே சொல்லும்.”

பள்ளி விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை, நான் குறைதீர் கூட்டத்துக்காகக் கடலூர் போக இருந்தேன். டார்க் ரெஞ்ச் வாங்க மாமாவும் கிளம்பினார். வண்டியில் போகலாமா என்று கேட்டேன்.

“அந்தச் சீட்டுல முதல்ல அவ உக்காரட்டும். அப்புறம் யாரு வேணா உக்காருங்க.”

பஸ்ஸில் போனோம். எங்கள் முன்சீட்டின் கைப்பிடிக் கம்பியில் ஒரு திருகு ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, ஆலப்பாக்கம் வரை அதை இறுக்கிக்கொண்டே வந்தார். இறங்கும்போது கம்பியைப் பிடித்து உலுக்கிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டுக்கு அருகே இருந்தது கருவிக் கடை. கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பாய். அவர் எடுத்து வைத்தவற்றில் மிக நீளமானதை மாமா முதலில் தூக்கினார். குண்டெறியும் மாணவன் குண்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

“இதையே குடுத்துருங்க பாய். நல்ல கனம்.”

“எந்த வண்டிக்கு?”

“பைக்குதான். ஸ்கூல் மாஸ்டரு நான், வீட்டுல நானே பாக்கறது. ஆயில் போல்ட்டு மரை போயிடுச்சு.”

“அது லாரிச் சக்கரத்துக்கு. கல்யாணச் சோத்துக்கு அரிசி அளக்கற மரக்கால்ல குழந்தைக்கு மருந்து அளப்பீங்களா?”

மாமா அதைக் கீழே வைத்தார். பாய் விளக்கினார். எந்த ரெஞ்சும் தன் அளவின் நடுப்பகுதியில்தான் சரியாகச் சொல்லும், ஓரத்தில் தடுமாறும். ஆயில் போல்ட் மாதிரி சின்னதுக்கு ஒரு சிறிய ரெஞ்ச், சக்கர நட்டுக்கு ஒரு நடுத்தர ரெஞ்ச், இரண்டும் வேண்டும். எந்த நட்டுக்கு எந்த எண் என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு அந்த எண்கள் ஏற்கெனவே மனப்பாடம். கேட்காமலே ஒப்பித்தார்.

“எல்லாம் தெரிஞ்சிருக்கே மாஸ்டர். அப்புறம் எப்படி மரை போச்சு?”

மாமா அடுத்ததைக் கையில் எடுத்தார். அது முள் வைத்தது. கைப்பிடியை இழுக்க இழுக்க முள் நகர்ந்து எண்ணைக் காட்டும். கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை, ஆனால் முள்ளுக்கு நேராகக் கண் இருக்க வேண்டும். மாமா சந்தேகத்தைத் தீர்க்கக் கடைத் தரையிலேயே மல்லாந்து படுத்து, மேலே ஒரு எஞ்சின் இருப்பதாகப் பாவித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு வழுக்கியது. எழுந்து, வேண்டாம் என்றார். வாடிக்கையாளர் ஒருவர் அவரைத் தாண்டிப் போய் ஆணி வாங்கிக்கொண்டு போனார்.

இன்னொன்று டிஜிட்டல். எண் திரையில் ஓடும், அளவு வந்ததும் பீப் என்று கத்தும். “பேட்டரி தீந்துட்டா?” என்று கேட்டார் மாமா. “மாத்தணும்” என்றார் பாய். மாமா உதட்டைப் பிதுக்கினார்.

கடைசியாக எடுத்தது, கைப்பிடியைத் திருகி எண்ணை வைக்கும் வகை. பாய் ஒரு போல்ட்டை மேசை இடுக்கியான வைஸில் பிடித்து இழுத்துக் காட்டினார். அளவு வந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடி லேசாக மடங்கிக் கொடுத்தது. சத்தம் காதுக்கு, அசைவு கைக்கு.

மாமாவின் முகம் மலர்ந்தது.

“இது விசில் பாய்! ஊதினா நிக்கணும். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். ஆனா நிக்கணும்.” பாய் பெட்டியை மூடுவதற்கு முன் மேலும் இரண்டு சொன்னார். “இதால எதையும் கழட்டாதீங்க. இறுக்க மட்டும்தான். வேலை முடிஞ்சா நம்பரைக் கீழே இறக்கி வச்சுருங்க. உள்ள ஸ்பிரிங்கும் உசுருதான்.”

சிறியதும் நடுத்தரமுமாக இரண்டு சிவப்புப் பெட்டிகள் வீடு வந்து சேர்ந்தன. அத்தை பார்த்தார். “வளையலைக் கூட எனக்கு ஜோடியா வாங்கி வந்தது இல்ல. நடக்கட்டும்.”

அந்த ஞாயிறு காலை என் அறையில் இருந்தபடியே எல்லாம் கேட்டது. மாமா எண்ணை வைத்தார், தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், இழுத்தார். டக். பிறகு “ம்ம்ம்” என்று ஒரு முனகல். முனகியது ரெஞ்ச் அல்ல. அதன் பிறகு எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய நறுக்.

மெக்கானிக் சிரித்துச் சிரித்து இருமினான். “டார்க் ரெஞ்சு வாங்கி மரைய அறுத்த முதல் ஆளு நீங்கதான் மாமா. படம் எடுத்துப் பட்டறைல மாட்டணும்.”

மாமா ரெஞ்சின் மேல் பழி போட்டார். அளவு சரியில்லை, ஜாஸ்தி இழுக்கிறது என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி கடலூர். நானும் போனேன், இந்த முறை எந்தக் கூட்டமும் இல்லாமல். பாய் வாக்குவாதம் செய்யவில்லை. போல்ட்டை வைஸில் பிடித்து, எண்ணை வைத்து, ரெஞ்சை மாமாவின் கையிலேயே கொடுத்தார்.

“இழுங்க மாஸ்டர்.”

டக். மாமாவின் முழங்கை நிற்கவில்லை. டக் கேட்ட பிறகும் அது ஒரு விரற்கடை போனது. மூன்று பேரும் பார்த்தோம். மாமாவும் பார்த்தார்.

“அது சொல்லிடுச்சு” என்றார் பாய் மெதுவாக. “நீங்கதான் கேக்கலை.”

திரும்பும் பஸ்ஸில் மாமா எந்தத் திருகையும் தொடவில்லை.

அன்று மாலை அத்தையிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“அது ஏன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. கல்யாணம் ஆன புதுசு. எங்க ஊரு காட்டுமன்னார்கோயில். அம்மா வீட்டுலேருந்து ஏரிக்கரை மேல வந்துக்கிட்டு இருக்கோம். முதல் நாள் எவனோ வண்டியப் பாத்துட்டு பின்சக்கர நட்டை முடுக்காம விட்டிருக்கான். சக்கரம் ஆட ஆரம்பிச்சுடுச்சு. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம். எப்படியோ நிறுத்திட்டாரு. எனக்கு ஒண்ணுமில்ல. அவருதான் மறுபடி வண்டியில ஏறவே இல்ல. லால்பேட்டை வரைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தாரு. நான்தான் சோடா வாங்கிக் குடுத்தேன்.”

வெங்காயத்தை எடுத்தார். “அன்னைக்குப் புடிச்ச ஸ்பேனரு. இன்னும் விடலை.”

அடுத்த ஞாயிறு மெக்கானிக் மறுபடி போட்டுக் கொடுத்த புது மரையோடு வண்டி போர்டிகோவில் நின்றது. மாமா சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். ரெஞ்ச் மடியில் கிடந்தது. எண் வைத்தாகிவிட்டது, கை போகவில்லை. அத்தை சமையலறையிலிருந்து வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு பலகையைப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“குடுங்க இப்படி.”

“உனக்கு எதுக்குடி இதெல்லாம்? கையெல்லாம் கிரீஸு.”

“ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் விசில் ஊதறீங்க. உங்களுக்கு ஒரு விசில் கேட்டா நிக்கத் தெரியலை. நீங்க கழட்டறதோட சரி. முடுக்கறது நான்.”

மாமா கொடுத்தார். அத்தை எண்ணை வாசித்தார், மாமா ஆமாம் என்றார். இழுத்தார். டக் என்றதும் சுடும் தோசைக்கல்லில் பட்டதுபோலக் கையை எடுத்துவிட்டார்.

“கொஞ்சம் இரு. இன்னொரு கால்...”

“விசில் ஊதியாச்சு.”

“சேஃப்டிக்குடி.”

“அதுல உக்காரப் போறது நான்தானே? எனக்கு இது போதும்.”

மாமா எழுந்து நின்றார். கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டார். மைதானத்தில் மாணவர்களை அவர் நிறுத்தும் அதே நிலை. அத்தை நடுத்தர ரெஞ்சுக்கு மாறி, பின்சக்கர நட்டை முடுக்கி முடிக்கும்வரை அப்படியே நின்றார். ஒவ்வொரு ‘டக்’ சத்தத்துக்கும் முதுகுக்குப் பின்னால் அந்த மணிக்கட்டு ஒரு தரம் துடித்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அத்தை அன்றே ஏறவில்லை. எஞ்சினுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தார். நான் வேலை பார்த்த நாளிதழ்தான். காலையில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், சொட்டு விழுந்திருக்கிறதா என்று. பிறகு என் சன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

“தம்பி, உங்க பேப்பர்ல இன்னைக்கும் ஒண்ணுமில்ல!”

மாடியில் மாமாவுக்குக் கேட்கத்தான் அவ்வளவு சத்தம்.

அடுத்த ஞாயிறு பிச்சாவரம் படகுத்துறையைப் பற்றி எழுத நான் கிள்ளை பஸ்ஸில் போனேன். தெருமுனையில் பஸ் நின்றது. அத்தை இல்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “அக்காவைக் காணோமே. உடம்பு சரியில்லையா?” டிரைவர் கொஞ்சம் காத்திருந்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பிறகு வண்டி நகர்ந்தது.

ஊரைத் தாண்டி வயல் தொடங்கும் இடத்தில், பின்னாலிருந்து அந்தப் பழக்கமான எஞ்சின் சத்தம் கேட்டது. எப்போதும் அது பின்னாலேயே நிற்கும். இந்த முறை நெருங்கியது, பக்கத்தில் வந்தது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், சுதந்திர தின அணிவகுப்பில் போகிறவர்போல. பின்னால் அத்தை. ஒரு கை மாமாவின் தோளில், மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் சிவப்புப் பெட்டி.

கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். “அக்கா! உங்க சீட்டு இங்க காலியா இருக்கு!”

“யாருக்காச்சும் குடு!” என்றார் அத்தை.

பஸ்ஸுக்குள் யாரோ கை தட்டினார்கள். டிரைவர் ஹாரனை நீளமாக அழுத்தினார். மாமா கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஒரு முறை ஊதிவிட்டு, முதல் முறையாக எங்கள் பஸ்ஸை முந்திப் போனார்.

நான் மத்தியானம் வீடு திரும்பியபோது வண்டி போர்டிகோவில் நின்றது, அடியில் செய்தித்தாள் சுத்தமாக. சற்று நேரத்தில் என் கதவு தட்டப்பட்டது. அத்தை நின்றிருந்தார். தலையில் புழுதி, முகம் முழுக்கச் சிரிப்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பையின் வாயில் கோலிக்குண்டு மாதிரி ஒரு முடிச்சு.

“கத்தரிக்கோல் இருக்கா தம்பி? நண்டுப் பையை மாமா கட்டிட்டாரு.”